ஒரு மில்லி பிளாஸ்மா, நான்கு வழிகள்: பெருங்குடல் புற்றுநோய் ஆய்வுக்கு எக்ஸோசோமை எப்படிப் பிரிப்பது?

பெருங்குடல் புற்றுநோய் உள்ள ஒருவர் அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் கொடுத்த ரத்தம். அதிலிருந்து பிரித்த பிளாஸ்மா, ஒரே ஒரு மில்லிலிட்டர், மைனஸ் 80 டிகிரியில் உறைந்து கிடக்கிறது. அந்த ரத்தம் இனி கிடைக்காது. கட்டியை எடுத்தாயிற்று, அதே நபரிடம் நாளைக்கு ஊசி போட்டு எடுத்தாலும் அது வேறு ரத்தம். சரி, இந்த ஒரு மில்லியில் இருக்கும் எக்ஸோசோம்களை எந்த வழியில் வெளியே எடுப்பது?

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் வந்து நிற்பது அநேகமாக இந்த இடத்தில்தான். ஆனால் கேட்கும்போது “எந்த கிட் நல்லது?” என்று கேட்பார்கள். கிட்டை வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் கேள்வியைத் தேடினால், கிட் எதைத் தருகிறதோ அதையே பதில் என்று நம்பவேண்டி வரும். நானே அப்படி ஒருமுறை மாட்டிக்கொண்டேன், அதைப் பின்னால் சொல்கிறேன். புழக்கத்தில் இருக்கும் நான்கு வழிகளையும், பிரிக்காமலே அளக்கும் ஒரு வழியையும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எது யாருக்குப் பொருந்தும் என்ற என் முடிவையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எதைத் தேடிப் போகிறோம்?

எக்ஸோசோம் என்பது செல் வெளியே அனுப்பும் மிகச் சிறிய கொழுப்புப் பை. குறுக்களவு சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். செல்லுக்குள் ஒரு பெரிய பையின் வயிற்றில் குட்டிப் பைகளாக உருவாகி, அந்தப் பெரிய பை செல்லின் வெளிச்சவ்வோடு ஒட்டித் திறக்கும்போது மொத்தமாக வெளியே கொட்டும். 1983இல் முதிராத சிவப்பணுக்களில் இதைப் பார்த்தவர்கள், இரும்பைச் செல்லுக்குள் எடுக்க உதவும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியைச் செல் இப்படித்தான் கழித்துக்கட்டுகிறது என்று புரிந்துகொண்டார்கள். 1987இல் ரோஸ் ஜான்ஸ்டோன் குழு இந்தப் பைகளை எக்ஸோசோம் என்று அழைத்தது. செல்லின் குப்பைக்கூடை என்ற எண்ணம் அப்புறமும் நெடுநாள் இருந்தது. 2007இல் யான் லோட்வால் குழு இந்தப் பைகளுக்குள் மெசஞ்சர் ஆர்என்ஏவும் (புரதம் செய்வதற்கான செய்தி), மைக்ரோ ஆர்என்ஏவும் (மரபணுக்களை அடக்கும் சிறு ஆர்என்ஏ) இருப்பதையும், அவை வேறொரு செல்லுக்குள் போய்ச் சேர்வதையும் காட்டிய பிறகுதான் புற்றுநோய் ஆய்வாளர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

பெருங்குடல் புற்றுநோயில் இதற்கு என்ன வேலை? பெருங்குடல் கட்டிகளில் சுமார் 40 சதவீதத்தில், செல் வளர்ச்சியைத் தூண்டும் கேராஸ் என்ற மரபணு மாறியிருக்கும். 2013இல் வந்த ஓர் ஆய்வில், மாறிய கேராஸ் உள்ள செல்கள் விட்ட எக்ஸோசோம்களில் அந்த மாறிய புரதமே இருந்தது. இயல்பான கேராஸ் மட்டும் உள்ள செல்களுக்கு அந்தப் பைகளைக் கொடுத்தபோது அவையும் கூடுதலாக வளரத் தொடங்கின. தன்னிடம் மாற்றம் இல்லாத செல், பக்கத்து வீட்டிலிருந்து வந்த பையால் நடத்தை மாறுகிறது. 2018இல் வந்த இன்னோர் ஆய்வு, எக்ஸோசோமில் பயணிக்கும் மிர்-25-3பி என்ற மைக்ரோ ஆர்என்ஏவைப் பற்றியது. அது ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களுக்குள் போய் கேஎல்எஃப்2, கேஎல்எஃப்4 என்ற இரண்டு காவல் புரதங்களை அமுக்குகிறது. சுவரின் இணைப்புகள் தளர்ந்து குழாய் கசிகிறது. எலிகளில் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பரவல் கூடுகிறது. கட்டி போய் இறங்கும் முன்பே இடத்தைத் தயார்செய்து வைக்கும் வேலை இது. 2015இல் பல வகைப் புற்றுநோய்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு, பையின் மேலிருக்கும் இன்டெக்ரின் புரதம் முகவரி போல வேலை செய்வதைக் காட்டியது: ஆல்ஃபா-வி-பீட்டா-5 இருந்தால் கல்லீரல், ஆல்ஃபா-6-பீட்டா-4 இருந்தால் நுரையீரல். பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் முதலில் போய்ச் சேரும் உறுப்பு கல்லீரல் என்பதால், இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு அந்த முடிவு பெரிய விஷயம்.

நோயைக் கண்டுபிடிக்கும் அடையாளமாகவும் இதைப் பார்க்கிறார்கள். 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சீரத்தின் எக்ஸோசோம்களில் ஏழு மைக்ரோ ஆர்என்ஏக்கள் கூடியிருப்பதையும், அறுவைக்குப் பிறகு அவை குறைவதையும் காட்டினார்கள். மிர்-21, மிர்-23ஏ, மிர்-1246, மிர்-223 எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மிர்-223ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது வெள்ளணுக்களிலும் தட்டணுக்களிலும் ஏராளமாக இருப்பது. ரத்தம் எடுத்த விதம் சரியில்லை என்றால் புற்றுநோய் இல்லாமலே அது ஏறும்.

ஆக, இரண்டு விதமான ஆட்கள் இருக்கிறார்கள். பை என்ன செய்கிறது என்று பார்க்க வந்தவர்கள் ஒரு பக்கம், பையில் என்ன இருக்கிறது என்று எண்ண வந்தவர்கள் இன்னொரு பக்கம். முதலாமவருக்குப் பை உயிரோட்டத்தோடு, சிதையாமல் வேண்டும். இரண்டாமவருக்குப் பை தனியாக, வேறெதுவும் ஒட்டாமல் வேண்டும். இரண்டையும் ஒருசேரத் தரும் வழி இன்றைக்கு ஒன்றும் இல்லை. வழியைத் தேர்ந்தெடுப்பது கடினமாவதற்குக் காரணம் இதுதான்.

பிளாஸ்மாவில் யாரெல்லாம் கூட்டம் போடுகிறார்கள்

வழிகளுக்குப் போகும் முன் எதிரியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிளாஸ்மாவில் எக்ஸோசோமை விட, கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரோட்டீன் துகள்கள் பல மடங்கு அதிகம். விஎல்டிஎல், ஹெச்டிஎல் எல்லாம் அவற்றின் வகைகள். விஎல்டிஎல் துகளின் குறுக்களவு சுமார் 30 முதல் 80 நானோமீட்டர். எக்ஸோசோமின் அளவோடு அப்படியே மோதுகிறது. ஹெச்டிஎல் ரொம்பச் சின்னது, ஆனால் அதன் அடர்த்தி, ஒரு மில்லிக்கு 1.06 முதல் 1.21 கிராம் வரை, எக்ஸோசோமின் அடர்த்தியோடு மோதுகிறது.

சலிப்பது ஒன்று, புடைப்பது ஒன்று என்று நமக்குத் தெரியும். சல்லடை அளவைப் பார்க்கும், முறம் எடையைப் பார்க்கும். எக்ஸோசோம் விஷயத்தில் சலித்தால் விஎல்டிஎல் கூடவே வரும். புடைத்தால் ஹெச்டிஎல் கூடவே வரும். ஒரே ஒரு செய்முறையில் இரண்டையும் கழிக்க முடியாது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், “ஒரே படியில் தூய எக்ஸோசோம்” என்று டப்பாவின் மேல் போட்டிருப்பதை என்ன எண்ணத்தோடு படிக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

மைக்ரோ ஆர்என்ஏ தேடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2011இல் வந்த ஆய்வு ஒன்று, பிளாஸ்மாவில் சுற்றும் மைக்ரோ ஆர்என்ஏக்களில் 90 சதவீதம் வரை பைக்கு வெளியே, ஆர்கோநாட்-2 போன்ற புரதங்களைப் பிடித்துக்கொண்டு இருக்கலாம் என்று காட்டியது. அதே ஆண்டில் ஹெச்டிஎல்லும் மைக்ரோ ஆர்என்ஏவைச் சுமக்கிறது என்று தெரியவந்தது. 2014இல் ஒரு குழு பைகளையும் ஆர்என்ஏ பிரதிகளையும் எண்ணிக் கணக்குப் போட்டது. ஏராளமாக இருக்கும் மைக்ரோ ஆர்என்ஏவிலேயே ஒரு பிரதி கிடைக்க நூற்றுக்கும் மேல் எக்ஸோசோம்களைப் பார்க்க வேண்டும் என்று வந்தது. பைக்குள் கொட்டிக்கிடக்கிறது என்ற கற்பனையோடு இந்தத் துறைக்குள் வரக்கூடாது. உள்ளே இருப்பது கொஞ்சம், வெளியே இருப்பது நிறைய. வெளியே இருப்பதில் ஒரு துளி ஒட்டிக்கொண்டு வந்தாலும் உங்கள் அளவீட்டை அதுவே ஆண்டுவிடும்.

அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ்

பழைய வழி, இன்னும் பலருக்கு முதல் வழி. 2015இல் உலக அளவில் எடுத்த கருத்தாய்வில் சுமார் 80 சதவீதம் பேர் இதைத்தான் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். படிப்படியாகச் சுழற்ற வேண்டும் (‘ஜி’ என்பது புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு விசை என்ற கணக்கு): 300 ஜி-யில் செல்கள் போகும், 2,000 ஜி-யில் இறந்த செல்களின் சிதறல்கள் போகும், 10,000 ஜி-யில் பெரிய பைகள் போகும், கடைசியாக 1,00,000 ஜி-யில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுழற்றினால் எக்ஸோசோம் அடியில் படியும். அப்புறம் உப்புக் கரைசலில் கழுவி மறுபடியும் ஒரு சுழற்று.

அந்தக் கடைசிப் படிவை நீங்கள் பார்க்கவே முடியாமல் போகலாம். அதனால் ரோட்டரில் குழாயை வைக்கும் முன்பே, வெளிப்பக்கம் பார்த்த இடத்தில் மார்க்கரால் ஒரு வட்டம் போட்டு வைப்போம். ஓட்டம் முடிந்ததும் குழாயை வெளிச்சத்தில் பிடித்தால் அந்த வட்டத்துக்கு நேரே லேசான பளபளப்பு தெரியலாம். ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். மேலே நிற்கும் நீரை எதிர்ப்பக்கமாகச் சாய்த்து, கைநடுக்கம் இல்லாமல் உறிஞ்சி, வட்டத்துக்குள் பிப்பெட் முனையை வைத்து நம்பிக்கையோடு கரைக்க வேண்டும். இதில் ஆளுக்கு ஆள் கை வேறு, ரோட்டருக்கு ரோட்டர் பலன் வேறு. ஒரே ‘ஜி’ கணக்கு போட்டாலும், குழாயின் நீளமும் சாய்வும் மாறினால் படிவதற்கு ஆகும் நேரம் மாறிவிடும்.

செல் வளர்ப்பு ஊடகம் நூற்றுக்கணக்கான மில்லி இருக்கிறது என்றால் இந்த வழி நன்றாகவே பொருந்தும். பிளாஸ்மாவுக்குச் சுமார்தான். பிளாஸ்மா கெட்டியாக இருப்பதால் பைகள் மெதுவாகத்தான் இறங்கும், நீர்த்துப்போகச் செய்ய வேண்டும், இழப்பு அதிகம். படிந்தவை ஒன்றோடொன்று அழுந்தி ஒட்டிக்கொள்வதும் உண்டு. இதோடு ஐயோடிக்சனால் என்ற பொருளின் கரைசலில் போடும் அடர்த்தி அடுக்கைச் சேர்த்தால் தூய்மை நன்றாகக் கூடும், ஆனால் அன்றைய பகலும் இரவும் அதற்கே போய்விடும்.

படிய வைக்கும் கிட்

பாலிஎத்திலீன் கிளைகால் போன்ற பாலிமரைச் சேர்த்து, குளிரில் வைத்து, சாதாரண சென்ட்ரிஃபியூஜிலேயே படியவைப்பது. பெரிய இயந்திரம் வேண்டாம். கால் மில்லி சீரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும் படிவு வரும். முதல்முறை செய்கிறவருக்கு அந்த வெள்ளைப் படிவைப் பார்த்ததும் மனது நிறைந்துவிடும்.

எனக்கும் நிறைந்தது. ஆரம்ப நாட்களில் நோயாளிகளின் சீரத்தையும் நலமானவர்களின் சீரத்தையும் இப்படிப் படியவைத்து மிர்-21 அளந்தேன். வித்தியாசம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. மாதக்கணக்கில் அதையே செய்து வரைபடங்கள் வரைந்து வைத்திருந்தேன். ஆய்வுக்கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “படிவை எடுத்த பிறகு மேலே நின்ற நீரில் அளந்தாயா?” அளக்கவில்லை. போய் அளந்தேன். அங்கேயும் அதே வித்தியாசம். படிவில் இருந்த ஆல்புமினையும் ஆர்கோநாட்டையும் பார்த்தபோது, நான் எக்ஸோசோம் என்று பெயர் எழுதிய குழாய்களில் இருந்தது ஏறக்குறைய சீரம்தான் என்று புரிந்தது. அந்த மாதிரிகளைக் கொடுத்தவர்கள் வலியோடும் பயத்தோடும் கை நீட்டிக் கொடுத்தவர்கள். அவை திரும்பக் கிடைக்கவில்லை. அதற்கு அப்புறம் இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

ஆகவே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: பிளாஸ்மாவிலோ சீரத்திலோ ‘எக்ஸோசோமில் இருக்கும் மைக்ரோ ஆர்என்ஏ’ என்று எழுதப் போகிறீர்கள் என்றால் இந்த வழியை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பாலிமர் மிச்சம் செல்களையும் பாதிக்கும் என்பதால், பை என்ன செய்கிறது என்று பார்க்கும் சோதனைக்கும் இது ஆகாது. எக்ஸோசோம் என்ற பெயரை விட்டுவிட்டு, ‘இந்த முறையில் கிடைக்கும் படிவில் இந்த அடையாளம் நோயாளிகளில் கூடுகிறது’ என்று மட்டும் நேர்மையாகச் சொல்வதாக இருந்தால் தடையில்லை.

ஜெல் வழியாக வடிப்பது

இதை ஆய்வகத்தில் எஸ்.இ.சி. (சைஸ் எக்ஸ்க்ளூஷன் குரோமட்டோகிராஃபி, அளவைப் பார்த்துப் பிரிப்பது) என்றே சொல்வோம். ஒரு கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் குழாயில் துளை நிறைந்த செபரோஸ் மணிகளை நிரப்பி, மேலே பிளாஸ்மாவை விட்டு, உப்புக் கரைசல் ஊற்றிக்கொண்டே கீழே சொட்டுவதைச் சிறு குழாய்களில் வரிசையாகப் பிடிப்பது. இங்கே சல்லடைக்கு நேர் எதிராக நடக்கும். பெரியது முதலில் வரும். மணியின் துளைக்குள் நுழைய முடியாத எக்ஸோசோம் வெளிவழியே நேராக இறங்கிவிடும். ஆல்புமின் போன்ற சின்னப் புரதங்கள் ஒவ்வொரு துளைக்குள்ளும் புகுந்து புறப்பட்டுத் தாமதமாக வரும்.

இதைச் செய்யும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஜெல்லின் மேற்பரப்பு ஒருமுறை காய்ந்துவிட்டால் அந்தக் குழாய் முடிந்தது. முதலில் நிறமில்லாத சொட்டுகள் வரும், அப்புறம் மஞ்சள் தட்டத் தொடங்கும். அந்த மஞ்சள் வரும்போது பைகள் பெரும்பாலும் ஏற்கெனவே கீழே போயிருக்கும். எத்தனையாவது குழாயில் பை வருகிறது என்பதை யாரோ எழுதியதிலிருந்து எடுத்துக்கொள்ளாமல், உங்கள் ஜெல்லில், உங்கள் அளவு பிளாஸ்மாவில், நீங்களே ஒருமுறை எல்லாக் குழாய்களையும் அளந்து தெரிந்துகொள்வது நல்லது.

பலன் என்ன? அழுத்தம் இல்லை, பை சிதைவதில்லை, ஒரு மில்லி பிளாஸ்மாவுக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தும், அரை மணிக்குள் முடிந்துவிடும், ஆளுக்கு ஆள் வித்தியாசம் குறைவு. குறை என்ன? விஎல்டிஎல் கூடவே வரும், சாப்பிட்டு எடுத்த ரத்தமாக இருந்தால் சாப்பாட்டின் கொழுப்பைச் சுமக்கும் கைலோமைக்ரானும் வரும். அதனால் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம் நல்லது. இன்னொன்று, வடித்து வருவது நீர்த்துப் போய் இருக்கும். திரும்பச் சுண்ட வைக்க வடிகட்டிச் சவ்வு போட்டால் அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போகும். நாற்பது பேரின் பிளாஸ்மா என்றால் நாற்பது முறை உட்கார வேண்டும்.

ஆன்டிபாடி போட்டுப் பிடிப்பது

காந்த மணியின் மேல் ஆன்டிபாடியை ஒட்டி, அதற்குப் பொருந்தும் புரதம் மேலே உள்ள பையை மட்டும் பிடிப்பது. பெருங்குடல் புற்றுநோய் ஆய்வாளர்களுக்கு இந்த வழியில் சொந்தமாக ஒரு வரலாறே இருக்கிறது. 2012இல் லிம்1863 என்ற பெருங்குடல் புற்றுநோய் செல்வரிசையின் எக்ஸோசோம்களை அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ், அடர்த்தி அடுக்கு, எப்கேம் ஆன்டிபாடி என்ற மூன்று வழியிலும் பிரித்து ஒப்பிட்டார்கள். ஆன்டிபாடி வழிதான் எக்ஸோசோம் அடையாளங்களை அதிகம் செறிவாக்கித் தந்தது.

அதே குழு அடுத்து செய்தது எனக்கு இன்னும் பிடித்த வேலை. லிம்1863 செல்கள் தட்டில் ஒட்டி வளராமல், நடுவில் துவாரம் உள்ள சிறு உருண்டைகளாக மிதந்து வளரும். குடலின் சுரப்பிக் குழியைப் போல. அந்த உருண்டைகளின் எக்ஸோசோம்களை முதலில் ஏ33 என்ற குடல் செல் புரதத்துக்கான ஆன்டிபாடியாலும், மிஞ்சியதை எப்கேம் ஆன்டிபாடியாலும் பிடித்தபோது, இரண்டும் வேறு வேறு சரக்கு சுமக்கும் இரண்டு கூட்டம் என்று தெரிந்தது. ஏ33 உள்ளவை செல்லின் அடிப்பக்கமும் பக்கவாட்டும் விடுபவை; எப்கேம் உள்ளவை குழியைப் பார்த்த மேல்பக்கம் விடுபவை. யோசித்துப் பாருங்கள்: ரத்தக்குழாய் இருப்பது அடிப்பக்கம், மலம் போவது மேல்பக்கம். எந்த ஆன்டிபாடியை எடுக்கிறீர்கள் என்பதே செல்லின் எந்த வாசலைக் கவனிக்கிறீர்கள் என்பதைத் தீர்மானித்துவிடலாம். முற்றிய கட்டியில் செல்கள் இந்த மேல்-கீழ் ஒழுங்கை இழந்துவிடும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

எச்சரிக்கையும் வேண்டும். ஏ33 பெருங்குடல் கட்டிகளில் 95 சதவீதத்தில் இருக்கிறது, ஆனால் நலமான குடல் செல்லிலும் இருக்கிறது. அது ‘குடலிலிருந்து வந்தது’ என்று சொல்லும், ‘புற்றுநோயிலிருந்து வந்தது’ என்று சொல்லாது. எப்கேம் எபிதீலியச் செல்களின் அடையாளம். பரவத் தயாராகும் செல் அந்த குணத்தைக் கழற்றிப்போடும்போது எப்கேமும் குறையலாம். நீங்கள் மிகவும் பார்க்க விரும்பும் பைகளே அப்போது வலைக்குத் தப்பிவிடும். சிடி9, சிடி63 என்று பொது அடையாளங்களை வைத்துப் பிடித்தாலோ, பிளாஸ்மாவில் தட்டணுக்களின் பைகள் வந்து மொய்த்துவிடும். பிடித்த பையை மணியிலிருந்து கழற்ற அமிலக் கரைசல் போடுவது வழக்கம், அது பையைப் பாதிக்கும். ஆகவே எண்ணுவதற்கு அருமையான வழி, செயலைப் பார்ப்பதற்குத் தோதில்லாத வழி.

பிரிக்காமலே அளப்பது

2014இல் ஜப்பானில் எக்ஸோஸ்கிரீன் என்ற முறை வந்தது. பையின் மேலிருக்கும் இரண்டு புரதங்களுக்கு இரண்டு ஆன்டிபாடி. ஒன்றில் ஒளி பட்டதும் ஆக்சிஜனைக் கிளப்பும் மணி, இன்னொன்றில் அதைப் பெற்று ஒளிரும் மணி. இரண்டும் 200 நானோமீட்டருக்குள் நெருங்கி இருந்தால்தான் ஒளி வரும். அதாவது ஒரே பையின் மேல் இரண்டும் உட்கார்ந்தால். சிடி147, சிடி9 இரண்டையும் சேர்த்துத் தேடி, 5 மைக்ரோலிட்டர் சீரத்திலேயே பெருங்குடல் புற்றுநோயாளிகளை வேறுபடுத்திக் காட்டினார்கள். நூற்றுக்கணக்கானவர்களைச் சோதிக்க வேண்டும், மாதிரி கொஞ்சம்தான் இருக்கிறது, தேட வேண்டிய புரதம் எது என்று முன்பே தெரியும் என்றால் இந்தப் பாதை மிக நல்லது. புதிதாக எதையாவது கண்டுபிடிக்க இது உதவாது. கேட்டதற்கு மட்டும்தான் பதில் வரும்.

குழாய் நிரம்பும் நேரத்தில் நடப்பவை

எந்த வழியை எடுத்தாலும் ரத்தம் எடுத்த அன்றைக்கே பாதி முடிவாகிவிடுகிறது. சீரமா பிளாஸ்மாவா என்றால் பிளாஸ்மா என்பேன், ஏனென்றால் ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் தங்கள் பைகளை அள்ளி விடும். ஹெப்பாரின் குழாய் வேண்டாம், அது பிசிஆரை (ஆர்என்ஏவை அளக்க அதன் பிரதிகளைப் பெருக்கும் முறை) தடுக்கும். ஈடிடிஏ அல்லது சிட்ரேட் போதும். 2,500 ஜி-யில் 15 நிமிடம், மேலே உள்ளதை மட்டும் எடுத்து மறுபடி அதே 15 நிமிடம். தட்டணு மிச்சமிருக்க உறையவைத்தால், உருகும்போது அவை உடைந்து புதுப் பைகளைத் தரும். முதலில் சொன்ன மிர்-223 அங்கிருந்தும் ஏறலாம்.

பிளாஸ்மா லேசான இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது. கண்ணை மட்டும் நம்பாமல் 414 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சுதலைப் பாருங்கள். சிவப்பணுவில் நிறைந்திருக்கும் மிர்-451ஏவையும், அதில் மாறாத மிர்-23ஏவையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் வழக்கம். ஆனால் பெருங்குடல் புற்றுநோய் ஆய்வாளர்களுக்கு இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: மிர்-23ஏ நமது நோயின் அடையாளப் பட்டியலிலேயே இருக்கிறது. எனவே ஒளி உறிஞ்சுதலையும் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது, யார் எதை எடுப்பது?

கட்டியின் பைகள் ரத்தக்குழாய்ச் சுவரையோ கல்லீரல் செல்லையோ என்ன செய்கின்றன என்று பார்க்கப் போகிறீர்களா? பிளாஸ்மாவை விடுங்கள். எஸ்டபிள்யு480, எஸ்டபிள்யு620 போன்ற செல்வரிசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நோயாளியின் முதல் கட்டியிலிருந்து ஒன்று, நிணநீர்க் கணுவுக்குப் பரவியதிலிருந்து மற்றொன்று. ஊடகத்தில் சேர்க்கும் கன்றின் சீரத்திலேயே மாட்டு எக்ஸோசோம் இருக்கும் என்பதால், அதை முன்பே அல்ட்ராசென்ட்ரிஃபியூஜில் இரவு முழுக்கச் சுழற்றி நீக்கிவிடுங்கள். பிரிக்க அல்ட்ராசென்ட்ரிஃபியூஜும் அடர்த்தி அடுக்கும், அல்லது ஊடகத்தைச் சுருக்கி எஸ்.இ.சி. பையை நீக்கிய ஊடகத்தையும் அதே செல்களுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

பிளாஸ்மாவில் மைக்ரோ ஆர்என்ஏ தேடுகிறீர்களா? எஸ்.இ.சி.தான் என் தேர்வு. கிடைத்த பகுதியில் ஒரு பங்குக்குப் புரதம் அறுக்கும் நொதியும் ஆர்என்ஏ அறுக்கும் நொதியும் போட்டுப் பாருங்கள். பைக்குள் இருப்பது தப்பிக்கும், வெளியே ஒட்டியது போய்விடும். புரத அடையாளம் என்றால் எஸ்.இ.சி. செய்துவிட்டு அப்புறம் ஆன்டிபாடி. சலித்தபின் கையால் பொறுக்குவதுபோல, இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது ஓரளவு ஈடுகட்டும். அடையாளம் ஏற்கெனவே உறுதி, ஆட்கள்தான் நிறைய என்றால் பிரிக்காமல் அளக்கும் வழி.

கேராஸ் மாறியிருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வியா? அப்படியானால் எக்ஸோசோமே வேண்டாம். ரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏவைப் பாருங்கள், அங்கே பாதை போட்டாயிற்று. 2022இல் வந்த டைனமிக் ஆய்வில், இரண்டாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்த 455 பேரை எடுத்து, ஒரு பிரிவில் மிதக்கும் டிஎன்ஏவைப் பார்த்து மட்டும் கீமோ கொடுப்பதா என்று முடிவு செய்தார்கள். கீமோ வாங்கியவர்கள் 28 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தார்கள். இரண்டு ஆண்டில் நோய் திரும்பாதிருந்தவர்கள் இரு பிரிவிலும் ஏறக்குறைய சமம். எக்ஸோசோம் அந்த இடத்துக்கு வர வேண்டும் என்று மனதார விரும்புகிறவன் நான். கட்டி என்ன திட்டம் போடுகிறது, எந்த உறுப்புக்குப் போகப் பார்க்கிறது என்பதை உடைந்த டிஎன்ஏ துண்டு சொல்லாது, பை சொல்லக்கூடும். அதைக் கேட்க வேண்டுமானால் குழாயில் இருப்பது பைதான் என்று முதலில் காட்டியாக வேண்டும்.

காட்டுவதற்கு மிசெவ் என்ற, இந்தத் துறையின் சர்வதேச வழிகாட்டி இருக்கிறது. 2014, 2018, 2023 என்று மூன்று பதிப்பு. கடைசிப் பதிப்பும், எங்கிருந்து பிறந்தது என்று நிரூபிக்க முடியாதபோது எக்ஸோசோம் என்ற சொல்லைத் தவிர்த்து ‘செல்வெளி நுண்பை’ என்று சொல்லச் சொல்கிறது. சிடி9, சிடி63, சிடி81 இருப்பதைக் காட்டினால் மட்டும் போதாது. ஆல்புமினும் அப்போலிப்போபுரோட்டீனும் (லிப்போபுரோட்டீன் துகளின் புரதம்) எவ்வளவு ஒட்டி வந்திருக்கின்றன என்பதையும் காட்ட வேண்டும். துகள் எண்ணும் இயந்திரம் தரும் எண்ணிக்கையைப் பெரிதாக நினைக்காதீர்கள், அதற்கு விஎல்டிஎல்லும் துகள்தான். மின்னணு நுண்ணோக்கியில் கிண்ணம் போலத் தெரிந்தால் எக்ஸோசோம் என்று பழைய பாடங்களில் இருக்கும். அந்தக் குழிவு மாதிரியை உலர்த்துவதால் வருவது.

உறைபெட்டியில் இருக்கும் அந்த ஒரு மில்லிக்கு வருவோம். நானாக இருந்தால் ஒரே தடவை உருகவிட்டு, நூறு மைக்ரோலிட்டரை அப்படியே தனியாக எடுத்து வைப்பேன். மிச்சத்தை எஸ்.இ.சி.யில் விட்டு, பை வரும் குழாய்களையும், பின்னால் மஞ்சளாக வரும் புரதக் குழாய்களையும் ஒன்று விடாமல் பெயரெழுதி வைப்பேன். அப்புறம் மூன்றிலும் அளப்பேன்: முழு பிளாஸ்மா, பை, பை நீங்கிய மிச்சம். மூன்றாவது குழாயைக் கழிவுத்தொட்டியில் போட யாராவது கை நீட்டினால், வாங்கி உறைபெட்டியில் வைத்துவிடுங்கள்.